பீர் முகமது வழக்குக் கட்டில் ஒரு கையெழுத்து

அனுப்புநர்:
பீ. இஃப்பத்,
த/பெ பீர் முகமது (காலமானார்),
பேகம்பூர், திண்டுக்கல்.

பெறுநர்:
மாண்புமிகு அமைச்சர்
திரு. ராயப்பராஜ், பி.ஏ., பி.எல்.,
முகாம் அலுவலகம், திண்டுக்கல்.

பொருள்: என் தந்தையின் மரண வழக்கை வேறு வழக்கறிஞரிடம் ஒப்படைக்கத் தங்கள் ஒப்புதல் கையெழுத்து கோருதல்.

பார்வை: என் மனுக்கள், நாள் 6.1.2003, 10.3.2003, 2.6.2003.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தையின் சாவைச் சொல்லி வாக்குக் கேட்டு வென்ற தாங்கள், அவருடைய வழக்கை ஏழு ஆண்டுகளாக முடக்கி வைத்திருக்கிறீர்கள்.

2. 1993இல் தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய என் தந்தை விஷவாயுவில் இறந்தார். குடித்துவிட்டு வந்து தவறி விழுந்தார் என்று முதலாளி தரப்பு நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. அவர் பீடியைக்கூடத் தொடாதவர். அன்று எங்கள் வழக்கறிஞராக இருந்த தாங்கள் என் தாயார் சர்புன்னிசாவிடம், "அக்கா, இது என் வீட்டு வழக்கு" என்றீர்கள். அப்படித்தான் நடத்தவும் செய்தீர்கள். அதை நான் மறுக்கவில்லை.

3. 1996 தேர்தலில் என் தந்தையின் படம் தங்கள் நோட்டீசில் வந்தது. என் தாயார் வீடு வீடாகப் போய் அதைக் கொடுத்தார். தாங்கள் சட்டமன்றம் சென்றீர்கள், பிறகு அமைச்சரானீர்கள். நீதிமன்றத்துக்கு வரவில்லை. வழக்குக் காகிதக் கட்டைத் திருப்பிக் கேட்கத் தாயாரிடம் சொன்னேன். கேட்டால் தம்பி மனசு நோகும் என்று தங்களைச் சொல்லித் தடுத்துவிட்டார். அது எங்கள் தவறு.

4. இப்போது நாங்கள் அணுகிய நான்கு வழக்கறிஞர்களும் மறுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் காரணம் சொன்னார்: "மந்திரி கட்டும்மா அது. அவரு கையெழுத்து இல்லாம தொட்டா, நாளைக்கு கோர்ட்டுல நான் தலைகாட்ட முடியாது."

5. கடந்த ரம்ஜானில் என் தாயார் நோன்போடு தங்கள் அலுவலக வாசலில் நின்றார். தங்கள் உதவியாளர் ஒரு படிவத்தில் கைநாட்டு வாங்கி அனுப்பினார். அடுத்த மாதம் அரசு முத்திரையோடு தபால் வந்தது. தம்பி கையெழுத்துப் போட்டுட்டாரு என்று தாயார் பாயசம் காய்ச்சித் தெருவுக்கே கொடுத்தார். நான் வேலை முடிந்து வந்து படித்தேன். அது விதவை உதவித்தொகைக்கான உத்தரவு. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

6. வரும் 24ஆம் தேதி வழக்கறிஞர் வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அப்படியானால், என் தந்தையைப் பற்றி முதலாளி எழுதியதே கடைசிச் சொல்லாக நிற்கும்.

ஒப்புதல் படிவத்தை இணைத்துள்ளேன். கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் குறியிட்டுள்ளேன். 24ஆம் தேதிக்கு முன் போடுவீர்களா, மாட்டீர்களா? பதிலை என் தாயார் பெயருக்கு அனுப்புங்கள்; இந்த முறை அன்றே அவருக்குப் படித்துச் சொல்வேன்.

இடம்: திண்டுக்கல்
நாள்: 8.9.2003

இப்படிக்கு,
பீ. இஃப்பத்