உள்ளங்கை அரிப்பு

மச்சான்,

பாண்டீஸ்வரி அக்கா துணையோடு தேனி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உள்ளங்கையும் உள்ளங்காலும் இன்னும் அரிக்கின்றன; சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. “தோட்டத்து மருந்து பட்டிருக்கும், குளிச்சாச் சரியாப் போகும். ஒனக்கு எல்லாமே பெருசாத்தான் தெரியும்” என்றீர்கள். திராட்சை வெட்டியதிலிருந்து நாம் மருந்தே அடிக்கவில்லை.

காலையில் ஊருக்கு வந்த நர்சம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டு, “இது மருந்து பட்ட அரிப்பு இல்லத்தா, கல்லீரலா இருக்கும். எட்டு மாசப் பிள்ளய வயித்துல வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காத, இன்னைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணு” என்றார்.

சோறு வடித்திருக்கிறேன். மீன்குழம்பைச் சுடவைத்துக்கொள்ளுங்கள். சாவி மொக்கம்மாள் வீட்டில் இருக்கிறது. எனக்குக் கோபமில்லை, அழுகையும் வரவில்லை.

ரெஹானா

பி.கு.: பிள்ளை நேற்றிலிருந்து அதிகம் அசையவில்லை. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. சாப்பிட உட்காராமல் வந்துவிடுங்கள்.