முதலாளியின் குரல்

பெப். 4, செவ்வாய்

பூட்டிக்கிடக்கும் ஃபாரஸ்ட் கேட் சாப்பாட்டுக்கடையைப் படக்காரருக்கு ஒன்பது நாளைக்குக் கொடுத்துவிட்டேன். மு.ப. 11க்குக் கையெழுத்து. விடியப்புறத்திலிருந்து மழை. பேய்ப்படம். எடுப்பது அபி, கணேசனின் மகள். கணேசன் அந்தக் கடையில் எனக்குப் பதினொரு வருடம் சமைத்தவன். மூன்று வருடத்துக்கு முன் அந்த அடுப்படியிலேயே விழுந்து செத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு பேர் கடையை வாடகைக்கு எடுத்தார்கள். கோழிப்பொரியல்காரன் நாலு மாதம். பேக்கரிக்காரி ஆறு மாதம். இருவரும் காரணம் சொல்லாமல் சாவியை வைத்துவிட்டுப் போனார்கள். சனம் பேய் என்கிறது. நான் ஈரக்கசிவு என்கிறேன்.

கதை, அபி சொன்னபடி: பெரிய ஆளாக வரவேண்டும் என்று வெறிபிடித்த ஒரு சமையல்காரன். பூட்டிக்கிடந்த கடையை எடுத்து ரெஸ்டோரண்ட் திறக்கிறான். அவன் கறியில் உப்பு எப்போதும் பிழை. ஆனால் மேசைக்குப் போகும்போது சரியாக இருக்கிறது. அங்கே செத்துப்போன பழைய சமையல்காரனின் கை. கடை பேரெடுக்கிறது. பிறகு பேய் தன் பங்கைக் கேட்கிறது.

"ஸ்கிரிப்ட் வாசிக்க வேணாமா அங்கிள்?"

"பேய்க்கதை வாசிச்சு நான் என்ன செய்யிறது? அக்ரிமென்டைக் கொண்டா. என்னட்டை வாய்ப்பேச்சு இல்லைப் பிள்ளை. எல்லாம் எழுத்தில இருக்கோணும்."

சிரித்தாள். எதற்கென்று விளங்கவில்லை.

ஃபோர்க்லிஃப்ட் திருத்தக் கொடுக்க. பிரஷர் குளிசை முடிகிறது. பல் டொக்டர் வெள்ளி.

பெப். 5, புதன்

காற்று. இல்ஃபோர்டில் என் பலசரக்கு ஸ்டோரில் அரிசி இறக்கியது. மத்தியானம் ஒஃபீசில் இருந்து அபி வைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்டை வாசித்தேன். சும்மாதான் எடுத்தேன்.

படத்தில் கெட்டவன் பேய் இல்லை. முதலாளி. நாலு காட்சியில் வருகிறான். கடைசியில் குளிரறைக்குள் பூட்டுப்பட்டுச் சாகிறான். அது பரவாயில்லை. இரண்டாவது காட்சியில் அவன் அந்தப் பழைய சமையல்காரனிடம் சொல்வது:

"இந்தக் கடை உன்ர தான் மச்சான். எங்களுக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்கு?"

இது என் வாயிலிருந்து வந்தது. சொல்லுக்குச் சொல். கடை திறந்த அன்று, புது அடுப்பில் பால் பொங்கின பிறகு. அப்போது சட்டன் பக்கம் கடை வைத்திருந்த ஒரு ஆள் கணேசனை வேலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். நிற்பாட்ட வேண்டியிருந்தது. சொன்னேன். நின்றான். பதினொரு வருடம். பங்கைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டான். "ஓமோம், பாப்பம்" என்றேன். பார்க்கவில்லை.

அடுப்படியில் அன்று நாங்கள் இரண்டு பேர்தான். ஆகவே வீட்டில் சொல்லியிருக்கிறான். பிள்ளைக்குப் பாடமாகும் அளவுக்குச் சொல்லியிருக்கிறான்.

பெப். 6, வியாழன்

அபிக்கு தொ.பே. கடை தரமுடியாது என்றேன்.

"அங்கிள், கடைசி நேரத்தில கான்சல் பண்ண ஏலாது எண்டு நீங்கள்தானே போடச் சொன்னீங்கள். அக்ரிமென்டில கிளோஸ் த்ரீ."

நானேதான். அவள் மாறிவிடுவாள் என்று பயந்து போட்டது.

"கதையில என்னைப் போட்டிருக்கிறாய்."

"பேர் எங்கையும் இல்லையே அங்கிள். ஆராவது உங்களைத்தான் எண்டு சொன்னவையோ?"

வியாபாரத்தில் இப்படி ஒரு பதிலை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கெட்டிக்காரி. அவளை மருமகளாக எடுக்கத் தெரியாமல் போனேன் என்று புவனத்திடம் சொன்னேன். "வந்திருப்பாளோ?" என்று கேட்டுவிட்டு டீ.வி. சத்தத்தைக் கூட்டினாள் என் மனைவி.

இன்று ஷூட்டிங் தொடங்கிவிட்டது.

பெப். 8, சனி

வெயில், ஆனால் குளிர். பி.ப. 2க்குக் கடைக்குப் போனேன். சுவரைத் துளைக்கிறார்களா என்று பார்க்கத்தான்.

கண்ணாடிக்கெல்லாம் கறுப்புத் துணி. வெளியில் பட்டப்பகல், உள்ளே இரவு. வாசலில் படத்துக்காகச் செய்த பெயர்ப்பலகை. உள்ளே எட்டுச்செலவுக் காட்சிக்கு ஆயத்தம். செத்தவனுக்கு எட்டாம் நாள் படைப்பது. இலையில் சாம்பார், வடை, பாயசம், நடுவில் ஒரு அப்பிள். கோயில் பூசை மாதிரி.

வாய் சும்மா இருக்கவில்லை. "பிள்ளை, செத்தவனுக்கு விருப்பமானதைப் படைக்கோணும். மீன், இறைச்சி, குடிச்சவன் எண்டா அரைப்போத்தல். அதை வைச்சிட்டு எல்லாரும் வெளியில வந்து கதவைச் சாத்தோணும். அவர் வந்து சாப்பிடுறதுக்கு நேரம் குடுக்கோணும். பிறகு தட்டிப்போட்டுத்தான் திறக்கிறது."

"அதுதான் அம்மா கொண்டு வாறா" என்றாள் அபி. "இது பழைய இலை, லைட்டிங் பாக்க வைச்சது."

தவமணி, கணேசனின் மனைவி, சட்டியோடு உள்ளே வந்தாள். செத்தவீட்டுக்குப் பிறகு நேருக்கு நேர் இன்றுதான். கணேசனின் எட்டுக்கு நான் போகவில்லை. கொண்டெய்னர் வருகிறது என்று சொல்லியனுப்பினேன். கொண்டெய்னர் மறுநாள்தான் வந்தது. சனத்துக்கு முன்னால் அவள் பங்கைப் பற்றி வாயெடுத்தால் என்ற பயம்.

நண்டுக்கறி. அவனுடைய முறையில், முருங்கை இலை போட்டது. அவள் திரும்பின நேரம் பழக்கதோஷத்தில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. துளியும்.

"உப்புப் போட மறந்திட்டாய் தவமணி."

"மறக்கேல்லை. படையலை ஆரும் முன்னுக்கு ருசி பாக்கிறதோ?" என்னைப் பார்க்காமலே சொன்னாள். "உப்புப் போடுறது அவற்ர வேலை."

கமராவை உள்ளே ஓடவிட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். கதவைச் சாத்தினார்கள். றோட்டோரம் பதினைந்து பேர், படக்காரப் பிள்ளைகள், கோப்பியோடு. தவமணி என் பக்கத்தில்தான் நின்றாள், அசையாமல். இருபது நிமிடம். அபி தட்டிப்போட்டுத் திறந்தாள்.

இலையில் எல்லாம் வைத்தபடி இருந்தது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். அவர்கள் லைட்டை மாற்றும்போது திரும்பவும் விரலால் தொட்டு வைத்தேன்.

உப்பு இருந்தது. சரியாக இருந்தது. அவன் போடுகிற அளவு.

எழுதுவதா விடுவதா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெப். 9, ஞாயிறு

ஸ்டோரில் சனம். பாரைமீன் மத்தியானமே முடிந்தது. வெண்டிக்காய் முற்றல், திருப்பி அனுப்ப.

ஆறின கறியில் உப்புத் தூக்கும் என்பார்கள். போடாத உப்பு எப்படித் தூக்கும்?

ஒருவருக்கும் சொல்லவில்லை.

பெப். 10, திங்கள்

இன்று 'என்' காட்சி. என் வேஷம் போடுகிறவர் சென்னைப் பக்கத்து ஆள், பகலில் கணினி வேலை, மரியாதையான மனிதர். இடைவேளையில் வந்து கைகொடுத்தார்.

"சார், நீங்க பில்டிங் ஓனர்னு சொன்னாங்க. ஒரு சந்தேகம் சார். இந்த முதலாளி கெட்டவனா?"

"வியாபாரி" என்றேன்.

"ஓ... அப்ப சிரிச்சுக்கிட்டே சொல்றேன் சார்."

அவருக்கு எங்கள் பேச்சு வரவில்லை. "நமக்குள்ள எதுக்குப்பா எழுத்தெல்லாம்?" என்கிறார். திருத்தினால் "எதுக்குங்கோ" என்கிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அபி மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்தாள்.

"அங்கிள், அவர் நடிக்கட்டும். வொய்ஸ் நீங்கள் குடுங்கோ. அந்த ஒரு டயலொக் மட்டும்."

முடியாது என்று வந்துவிட்டேன். பகிடியா? என் ஸ்டோர் விளம்பரத்துக்குப் பன்னிரண்டு வருடமாக நானே குரல். தமிழ் ரேடியோ கேட்கிற ஒவ்வொரு வீட்டிலும் என் குரல் தெரியும். "வாங்கோ, வந்து பாருங்கோ, வெறுங்கையோட போகமாட்டியள்." பஸ்ஸில் சின்னப் பிள்ளைகள் சொல்லிக்காட்டுகின்றன. அந்தக் குரல் திரையில் அந்த வசனத்தைச் சொன்னால் படத்தில் பெயர் எதற்கு?

பெப். 11, செவ்வாய்

ஐஸ் மழை. அபி கேட்டதைப் புவனத்திடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சொல்லுங்கோவன். முந்திச் சொன்னதுதானே."

"மானம் போகும்."

"அப்ப சொல்லேக்குள்ள போகேல்லையோ?"

சாப்பிடாமல் வெளிக்கிட்டேன். நேரே தவமணி வீட்டுக்கு. ஈஸ்ட் ஹாமில் மேல்மாடி. தேத்தண்ணி தந்தாள். அதுவே பெரிது. சுற்றி வளைக்கவில்லை. கடையில் பாதியை உன் பேருக்கு எழுதித் தருகிறேன், அந்த வசனத்தை எடுத்துவிடச் சொல் என்றேன்.

தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இப்ப தாறியள். பேய்ப்படம் எடுத்த கடையை இனி ஆர் வாங்கப் போறான்?"

வரும் வழியில் காருக்குள் நானும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தேன். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"அவர் லீவு நாளிலயும் போய் அந்தப் புகைக்கூண்டைத் தேய்ச்சவர் அண்ணை. நான் பேசுவன், 'ஆற்றையோ கடைக்கு ஏன் சாகிறியள்' எண்டு. 'என்ர கடை, நான் தேய்க்கிறன்' எண்டுவார். செத்த அண்டைக்குக் காலமையும் அதைத்தான் சொல்லிப்போட்டுப் போனவர். எனக்குப் பாதி வேண்டாம். அவர் பொய்க்குப் பின்னால போன விசரன் இல்லை எண்டு நாலு பேருக்குத் தெரியோணும். நீங்கள் சொன்னனீங்கள் எண்டு தெரியோணும். அவ்வளவுதான்."

தேத்தண்ணி ஆறிவிட்டது. குடித்துவிட்டு வந்தேன்.

பெப். 13, வியாழன்

ஷூட்டிங் முடிந்தது. சாவி வந்தது. சுவரில் ஒரு ஓட்டை இல்லை. பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுப்படிக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். புகைக்கூண்டு பளபளவென்று இருந்தது. படக்காரர் துடைத்திருப்பார்கள்.

அபிக்கு தொ.பே. குரல் கொடுக்க வருகிறேன் என்றேன்.

பெப். 16, ஞாயிறு

தூறல். பி.ப. 3, இல்ஃபோர்டில் அபியின் ஃப்ளாட். அலுமாரிக்குள் மைக், சுற்றிவரப் போர்வை. சத்தம் விழும் என்று ஹீட்டரை நிற்பாட்டிவிட்டாள். கோட்டோடு நின்றேன். கட்டில் விளிம்பில் தவமணி.

திரையில் சென்னைக்காரர் வாயசைக்கிறார். முதல் தரம் சொன்னேன்.

"அங்கிள், இது அரிசி விக்கிற வொய்ஸ்."

இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதில் அபி ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"நீங்கள் பொய் சொல்லுற மாதிரிச் சொல்லுறீங்கள். அந்த ஆள் பொய் சொல்லேல்லை. அந்த நேரம் உண்மையாத்தான் சொன்னவர். அப்பா எனக்கு அப்பிடித்தான் சொன்னவர்."

அவன் அப்படிச் சொன்னானா? எனக்கே தெரியாதே, அன்று உண்மையாகச் சொன்னேனா என்று. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவன் கட்டியிருந்த சாரத்தால் துடைத்தான். நான் அவன் தோளில் கைபோட்டேன்.

சொன்னேன்.

பிறகு தவமணி எழும்பினாள். "ஓம். இப்பிடித்தான் சொல்லியிருப்பியள்" என்றாள். கோட்டைப் போட்டுக்கொண்டாள். அபி ஒரு தாள் எடுத்து எழுதினாள். ஒரு சொல்லும் மாற்றச் சொல்லாமல் கையெழுத்து வைத்தேன்.

ஒப்புக்கொண்டது: வசனம் ஒன்று. கட்டணம் இல்லை. படமுடிவில் என் முழுப்பெயர், 'முதலாளியின் குரல்' என்று. வெட்டவோ மாற்றவோ கேட்க எனக்கு உரிமை இல்லை. பிரதி இரண்டு. ஒன்று என்னிடம், மற்றது தவமணியிடம்.