ஆறு ஏக்கர் விளையாட்டுத் திடல்

786

திருவாரூர்
24-2-1974

அன்பு மகள் ஆயிஷாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்த மீரட் குளிரில் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அதிராம்பட்டினத்துக்கே திரும்பிவிடலாம் என்ற பேச்சுதான் குறையவில்லை.

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து மேஜர் வரை வந்தவருக்கு, காலேஜ் பிள்ளைகளை ஓடவிட்டு விசில் ஊதுவதில் என்ன இருக்கிறது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நானும் அது தெரியாமல்தான் வந்தேன். பயிற்சி முகாமில் கடைசி மூன்று வருடம் பந்தயங்களை நான்தான் நடத்தினேன், இதுவும் அதுபோல இருக்கும் என்று நினைத்தேன். இங்கே வந்தால் விளையாட்டுத் துறைத் தலைவர் என்று கதவில் பெயர் எழுதியிருக்கிறது, பீரோவைத் திறந்தால் காற்றுப்போன இரண்டு பந்து. ஆனால் ஃபைலில் மட்டும் ஆறு ஏக்கர் விளையாட்டுத் திடல் என்று சர்வே எண்ணோடு இருக்கிறது. எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். எனக்கு விட மனசில்லை, மேப்பை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தேன். எண் சரியாக வந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சம்பாப் பயிர் நிற்கிறது! களை எடுத்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய் என்ற அம்மாவிடம் காலேஜ் கிரவுண்டு எது என்று கேட்டேன். “நீங்க நிக்கிறதே அதுலதான் சார், வரப்பு வழுக்கும், பாத்து நில்லுங்க” என்று சிரித்தார். அவரும் கணவர் வைரக்கண்ணுவும் பதினாறு வருடமாக அதை, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்குப் பயிர் செய்கிறார்களாம். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலம் கைவிட்டுப் போகாமல் இருக்க, தாளாளர் குஞ்சிதபாதத்தின் குடும்பம் அதைக் காலேஜ் திடல் என்று எழுதிவைத்துவிட்டது, பயிர் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. “யாராச்சும் பாக்க வந்தா, அறுத்த வயல்ல நாலு கொடிய நட்டு போட்டோ புடிச்சிக்குவாங்க” என்றார் பொன்னுத்தாய்.

டிசம்பரில் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். ஜனவரி முதல் வாரம் பல்கலைக்கழகக் குழு வருகிறது, அதற்குள் திடல் திடலாக இருக்க வேண்டும் என்றார். கதிர் வந்துவிட்டதே என்றேன். “அதுக்குத்தானே மேஜர் உங்களக் கொண்டாந்தோம்? உங்க என்.சி.சி. பசங்கள எறக்குங்க. எங்க ஆளு போனா செங்கொடியோட வந்து நிப்பாங்க, பட்டாளத்துக்காரர் போனா எவன் கேப்பான்?” என்றார். நான் எதற்காக இந்த வேலைக்கு அழைக்கப்பட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஆயிஷா. வெட்கமாகப் போய்விட்டது. கூலித் தகராறில் போலீஸ் வண்டி வந்து நிற்காத அறுவடையே இந்தப் பக்கம் இல்லை. என் பையன்களில் பாதிப் பேர் மிராசு வீட்டுப் பிள்ளைகள், பாதிப் பேர் அந்த வயல்களில் இறங்கி நடவு நடுகிற வீட்டுப் பிள்ளைகள், ஒரே வரிசையில் நிற்கவே இப்போதுதான் பழகியிருக்கிறார்கள். அவர்களைக் கதிரின் மேல் நடத்திப் போக என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். உம்மாவிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. சொன்னபோது, அப்படியானால் சாமான்களைக் கட்டட்டுமா என்றுதான் கேட்டாள்.

குழு வந்தது. திடலைப் பார்க்கலாமா என்று அதன் தலைவர் கேட்டதும், தாளாளர் மழை, சேறு என்று ஏதோ ஆரம்பித்தார். நான் வாருங்கள் என்று வரப்புக்கே கூட்டிப்போய்விட்டேன். தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இது யார் பயிர் என்றார். வைரக்கண்ணு என் முகத்தைப் பார்த்தார். பயப்படாமல் சொல்லுங்க என்றேன். “பதினாறு வருஷமா நாங்கதாங்க உழுவுறோம்” என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். வேறு திடல் தேடக் காலேஜுக்கு ஒரு வருடம் தவணை கொடுத்தார்கள். தாளாளர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார், பார்த்ததைக் காட்டினேன் என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். மே மாதத்தோடு என் வேலை முடிகிறது. ஆனால் காலேஜ் முதல்வர் குழுவின் அறிக்கை நகல் ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதை வைரக்கண்ணுவிடம் கொடுத்தேன். அவர் குத்தகைப் பதிவுக்கு மனுப் போட்டார், போன வாரம் தாசில்தார் நேரில் வந்து விசாரித்து அவர் பெயரைப் பதிந்துவிட்டார்.

அறுப்பு முடிந்ததும் ஒருநாள் பார்க்கப் போனேன். சுற்றிலும் எல்லா வயலிலும் அறுத்த தாளுக்கு நடுவே சின்னச் சின்னப் பச்சையாக முளைத்திருந்தது, வாய்க்காலை ஒட்டிய ஒரு துண்டில் மட்டும் வெறும் தாள். இங்கே மட்டும் ஏன் ஒன்றும் இல்லை என்று பொன்னுத்தாயிடம் கேட்டேன். அறுப்புக்குப் பத்து நாள் முந்தியே, கதிர் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவார்களாம், எனக்கு எங்கே தெரியும். தாசில்தார் வருவாரா மாட்டாரா என்றே தெரியாத அந்த நாளில், அந்தத் துண்டில் மட்டும் தெளிக்காமல் விட்டிருக்கிறார்கள். வைரக்கண்ணு தலையைச் சொறிந்துகொண்டு, “ரெண்டு ஏக்கர்தாங்க சார் வுட்டுருக்கோம். மேட்டூர் தண்ணி வர்ற வரைக்கும் பசங்க ஓடட்டும். மீதியில உளுந்து இருக்கு, கோட்டுக்குள்ளயே ஓடச் சொல்லுங்க” என்றார். மறுநாள் பையன்களே அரிவாளோடு வந்து தாளை ஒட்ட அறுத்து, சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் பந்தயம். உம்மாவும் பார்க்க வருகிறேன் என்கிறாள், சாமான் கட்டுகிற பேச்சை இரண்டு நாளாகக் காணோம்.

மாப்பிள்ளையின் இருமலை அலட்சியமாக விட வேண்டாம், டாக்டரிடம் காட்டி எனக்கு எழுது. உங்கள் ஊரில் விளையாட்டுச் சாமான் நன்றாகக் கிடைக்கும், ஐம்பது மீட்டர் அளவு நாடா ஒன்று பார்சலில் அனுப்ப மறக்காதே, கயிற்றால் அளந்ததில் எனக்கு நம்பிக்கை இல்லை. அல்லாஹ் உங்கள் இருவரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருப்பானாக.

உன் வாப்பா,
மீரா உசேன்