இரண்டு கிணறுகளுக்கு நடுவே

சித்திரை, வெள்ளிக்கிழமை இரவு.

என் சாயப்பட்டறைக்குத் தண்ணீர் வரும் கிணற்றை இன்றுதான் பார்த்தேன். அவிநாசிபாளையத்தில் ராமாத்தாளின் தோட்டம். எங்கள் தண்ணீர் லாரியை நிரப்ப மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சுப்பையன் வேகமாக வந்தார்.

"ஏனுங்க, இங்க மோட்டார் ஓடுனா என்ற கெணறு எறங்குதுங்க. மாட்டுக்குக்கூடத் தண்ணி இல்லீங்க."

"நான் என்ற கெணத்துத் தண்ணியத்தானுங்க விக்கறேன்," என்றார் ராமாத்தாள்.

யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவலாகிவிட்டது. மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். சுப்பையனுடைய கிணற்றில் நானே இறங்கி, தண்ணீருக்குச் சற்று மேலே பாறையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். மூன்று பேரும் வேப்பமர நிழலில் காத்திருந்தோம். மதியம் எட்டிப் பார்த்தபோது நீர் ஏறி, கோடு தண்ணீருக்குள் போயிருந்தது.

ராமாத்தாள் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "லாரிய ஒருநாள் விட்டு ஒருநாள் அனுப்புங்க," என்றார்.

சரி என்றேன். இனிப் பட்டறை பாதி நாட்கள் நிற்கும். ஆர்டர் கொடுத்தவர்களுக்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. அந்தப் பாறைக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போய் வருகிறது என்பதே மனதில் ஓடுகிறது. சுப்பையன் தோட்டத்துக்கு அந்தப் பக்கமும் ஒரு கிணறு தெரிந்தது. அது யாருடையது என்று கேட்காமல் வந்துவிட்டேன்.