ஹாலுக்கு ஆன செலவு

வெகுதான்ய வருஷம், வைகாசி 9

விடியலில் எருமை கன்று போட்டது. கிடாரி. சீம்பால் காய்ச்சித் தெருவுக்கெல்லாம் கொடுத்தாயிற்று.

மத்தியானம் தரகன் துலுக்கானம் வந்தான். பெரம்பூர் தசரதன் வீட்டார் என் பேத்தி வரலட்சுமியைப் பார்க்க ஆவணியில் வருகிறார்களாம். பிடித்தால் அன்றைக்கே பரிசம் போட்டுவிடுவார்களாம். பையன் மணவாளன் ரயில்வே குமாஸ்தா. மாதம் முப்பத்தைந்து ரூபாய். அவனும் இவளும் மாங்காட்டுக் கோயிலில் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். பேரைக் கேட்டதும் புடைத்த அரிசியையே மறுபடி புடைத்துக்கொண்டிருந்தாள், கழுதை.

எங்கள் ஜனத்தில் பெண்ணைச் சும்மா கொண்டுபோக முடியாது. மாப்பிள்ளை வீட்டார் பணமும் புடவையும் தட்டில் வைத்துப் பரிசம் போட்டுத்தான் கேட்க வேண்டும். எனக்குப் போட்டது நூற்றொரு ரூபாய். அந்தக் காலத்து நூற்றொன்று. என் மருமகள் பொன்னம்மாளுக்கு நாங்கள் போட்டது இருபத்தொன்று. அதுவே அதிகம்.

வைகாசி 12

மண் தரையும் கோரைப் பாயுமாக இருக்கிற வீட்டில் எவன் பெரிய பரிசம் போடுவான்?

வேப்பேரியில் ஜெயபால் என்று ஒருவர் இருக்கிறாராம். வெள்ளைக்காரன் பங்களாக்களுக்கு உள்ளே எல்லாம் ஒழுங்கு பண்ணிக் கொடுக்கிறவர். எந்தச் சுவருக்கு என்ன நிறம், எந்த நாற்காலி எந்த மூலையில் என்று சொல்வதுதான் தொழில். அதற்குக் கூலி. என் மகன் கோதண்டம் சிரித்தான். "யம்மா, நாற்காலிய எங்க போடறதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளா?" என்றான். இவனுக்கு ஏர் எங்கே நிறுத்துவது என்பதையே அவன் அப்பாதான் சொல்ல வேண்டியிருந்தது.

வைகாசி 20

ஜெயபால் வந்தார். கோட்டு, கையில் தொப்பி, பாக்கெட்டில் அளவு நாடா. ஒரு மணி நேரம் கூடத்தை அளந்து பார்த்தார். பிறகு சொன்னார். நெல் குதிர் பின்கட்டுக்குப் போக வேண்டும். சுவருக்கு இளம்பச்சை. ஒரு சோபா, நாலு நாற்காலி, வாசலுக்கு எதிரே ஆள் உயரக் கண்ணாடி, தரைக்கு லினோலியம் விரிப்பு, உள் வாசற்படிக்குத் திரை. நானூறு ரூபாய்க்குள் முடியும். வாங்குகிற சாமானில் நூற்றுக்குப் பதினைந்து அவருக்கு.

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். கணக்கில் என்னை யாரும் ஏய்க்க முடியாது. செலவு ஏற ஏற உங்கள் கூலியும் ஏறுமா என்று நேராகவே கேட்டேன். அவர் கூச்சப்படவில்லை. "ஆமாம்மா. அதனாலதான் நல்ல சாமானா வாங்கித் தருவேன்" என்றார். பதில் எனக்குப் பிடித்தது.

அவர் போனதும் பொன்னம்மாள் ஆரம்பித்தாள். "அத்தே, பரிசம் போட வரவங்க பொண்ணத்தானே பாப்பாங்க? ஊட்டையா பாப்பாங்க?"

"உன்னப் பாக்க வந்தப்போ நாங்களும் பொண்ணத்தான் பார்த்தோம். அதத்தான் இருபது வருசமா அனுபவிக்கிறோம்" என்றேன். எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டாள். போகட்டும். சாணியாவது அள்ளப்படும்.

ஆனி 6

கொரட்டூர் ஏரிப் பாசனத்தில் என் அப்பா எனக்குக் கொடுத்த அரைக்காணி நஞ்சையை விற்றேன். ஐந்நூற்று ஐம்பது. சாட்சிக் கையெழுத்துப் போடக் கோதண்டத்தை மூன்று தரம் கூப்பிட வேண்டியிருந்தது. பதினெட்டு வருஷம் உழுத நிலமாம். நிலம் என்னுடையது. உழுதவனுக்குச் சோறு போட்டாயிற்று.

ஆனி 27

நானூறு என்றது ஐந்நூற்று அறுபதில் வந்து நிற்கிறது. கண்ணாடியின் சட்டத்துக்குத் தேக்குதான் பொருந்துமாம். திரைக்கு அடியில் ஒரு திரை வேண்டுமாம். சரி என்றேன். இல்லை என்று சொல்கிற வீடு என்று அவர் நினைத்துவிடக் கூடாது. ஐந்நூற்று அறுபதுக்கு அவர் கூலி எண்பத்து நாலு. ஆக அறுநூற்று நாற்பத்து நாலு.

குறைகிற தொண்ணூற்று நாலு ரூபாய்க்காகப் பொன்னம்மாளின் வளையல்களை விற்றாயிற்று. கழற்ற வரவில்லை, சோப்புப் போட வேண்டியிருந்தது. கை அப்படிப் பருத்திருக்கிறது. என் வீட்டுச் சோறு.

ஆடி 14

ஹால் முடிந்தது. வாசலில் நின்று பார்த்தேன். யாருடைய வீடோ மாதிரி இருக்கிறது. நல்லது.

ஆவணி 4

எப்படி எழுதுவது.

வந்தார்கள். நான் தாலி அறுத்தவள், பரிசத் தட்டுக்கு எதிரே வரக் கூடாது. திரைக்குப் பின்னால் நின்றேன். தசரதன் சோபாவில் உட்கார்ந்து அதன் கையைத் தடவிப் பார்த்தார். அவர் மனைவி மடியில் தட்டு, மேலே மஞ்சள் துணி. வரலட்சுமி காபி கொண்டுபோனாள். மணவாளன் தலையை நிமிர்த்திப் பார்த்தான், இவளும் பார்த்தாள். முடிந்தது என்று நினைத்தேன். நூற்றொன்று போடுவார்களா, இருநூறா என்று மனசுக்குள் ஓடியது.

தசரதன் தொண்டையைச் செருமினார். "கோதண்டம், பரிசம் எடுத்துகினுதான் வந்தோம். பொண்ணையும் புடிச்சிருக்கு. ஆனா ஊட்டப் பாத்தா நீங்க பட்டணத்து மொறைக்கு மாறிட்டது தெரியுது. நாங்க தட்டு நீட்டினா உங்களுக்குத்தான் அவமானம். பட்டணத்து மொறையிலயே பேசிக்கலாமே."

பட்டணத்து முறை என்றால் பெண் வீட்டார் கொடுப்பது. ஆயிரம் ரூபாய். பத்து சவரன். பையனுக்குக் கைக்கடிகாரம். கேலியாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். "இந்த சோபா போட்டவங்களுக்கு இதெல்லாம் ஒரு காசா?" என்றார். அந்த அம்மாள் தட்டை மடியிலிருந்து எடுத்து நாற்காலிக்குக் கீழே தள்ளினாள்.

கோதண்டம் உள்ளே வந்தான். முகமெல்லாம் வேர்வை. "யம்மா, நெலத்த வித்துத்தான் இத்தப் பண்ணோம்னு சொல்லிடறேன். நல்ல மனுசங்க, புரிஞ்சிப்பாங்க."

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். நகம் பதிந்தது.

"சொன்னியானா உன் கையால எனக்குக் கொள்ளி வெச்சிட்டு அப்பறம் சொல்லு" என்றேன். பிறகு நானே திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தேன். சரி, ஐப்பசிக்குள் கொடுத்துவிடுகிறோம், கார்த்திகையில் கல்யாணம் என்று.

தட்டு வந்த மாதிரியே திரும்பிப் போனது.

ஆவணி 5

ஆயிரம். எங்கிருந்து?

புரட்டாசி 11

ஜெயபாலைத் தேடி வேப்பேரிக்குப் போனேன். சாமான்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கடைக்காரனைக் கேட்டுச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சேர்த்து நூற்றிருபது தருவானாம். வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை. உங்கள் கூலி எண்பத்து நாலையாவது கொடுங்கள் என்றேன். கேட்கும்போதே என் வாயை நானே தைத்திருக்கலாம். "எது எங்க இருக்கணும்னு சொன்னேன்மா, அதுக்குத்தான் வாங்கினேன். சொன்னத எப்படித் திருப்பி எடுத்துக்கறது?" என்றார். பொய் இல்லை. ரயிலில் வரும்போது யோசித்தேன். நூற்றுக்குப் பதினைந்துதான் அவர் விலை என்று நினைத்தேனே, எனக்குக் கணக்குத் தெரியும் என்று நினைத்தேனே.

ஐப்பசி 2

வரலட்சுமி கேட்டாள். "ஆயா, நான் போய் அவங்க ஊட்ல நெசத்தச் சொல்லிட்டு வரட்டா? அவருகிட்டயாவது?"

அறைந்தேன். கூப்பிடாத வீட்டுக்குத் தானாகப் போகிறவளுக்கு என்ன பேர் என்று, அந்தப் பேரையும் சொன்னேன். அவள் அழவில்லை. அதுதான் பிடிக்கவில்லை.

ஐப்பசி 30

கெடு முடிந்தது. சாமான்களைத் திருப்பிக் கொடுத்து வந்த நூற்றிருபதுதான் கையில்.

கார்த்திகை 19

மணவாளனுக்கு நிச்சயமாகிவிட்டது. கொரட்டூரில் பெண். துலுக்கானம்தான் முடித்து வைத்தான், வெட்கமில்லாமல் வந்து அவனே சொன்னான். மண் தரை வீடாம். பாய் விரித்துத்தான் உட்கார வைத்தார்களாம். தசரதன் நூற்றைம்பது ரூபாய் பரிசம் போட்டாராம்.

"உங்களுக்குன்னு எடுத்துகினு வந்த தட்டுதான் ஆயா. தொறக்கவே இல்ல, அப்படியே வெச்சிருந்தாங்க" என்றான்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. இவன் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா. யாராவது சொல்லியிருக்கக் கூடாதா. எல்லாருக்கும் வாய் இருந்ததே. நான்தானே மூட வெச்சேன். நான்தானே.

மாசி 17

ஒருமுறை தட்டுத் திரும்பிப்போன பெண்ணை யாரும் கேட்டு வரவில்லை. இன்றைக்குப் பூந்தமல்லியிலிருந்து ஒருவர் வந்தார். மளிகைக் கடை. நாற்பத்தொரு வயசு. மனைவி போன வருஷம் பிரசவத்தில் போய்விட்டாள், இரண்டு பிள்ளைகள்.

தட்டு எதுவும் கொண்டுவரவில்லை. அதனால் நான் முன்னால் வந்து உட்காரலாம், உட்கார்ந்தேன். எங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்றேன். நிலம் விற்றதையும் அது எதற்குப் போனது என்பதையும் நானே சொன்னேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கோதண்டம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவருக்கு மூச்சு வந்தது போல இருந்தது. "அப்போ ரெண்டு பக்கமும் ஒண்ணும் வாணாம். கட்டின பொடவ போதும், அப்படியே அனுப்புங்க" என்றார். பிள்ளைகளை அடிக்காமல் பார்த்துக்கொள்வாளா என்று கேட்டார். பார்த்துக்கொள்வாள் என்றேன்.

பிறகு வரலட்சுமி பக்கம் திரும்பி, உனக்குச் சம்மதமா என்று கேட்டார். நல்ல மனிதர். இதுவரை யாரும் அவளிடம் கேட்காததை அவர் கேட்டார்.

அதற்கும் நான்தான் பதில் சொன்னேன்.