அன்வர்ல்ட்லி

திண்டிவனம்
14.6.1961

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை காந்திமதி வணக்கத்துடன் எழுதுவது. நானும் குழந்தை பொன்னியும் சுகம். அண்ணிக்கு முட்டிவலி குறைந்ததா? ஜாம்ஷெட்பூர் வெயில் கொடுமை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே நேற்று ஒரு நல்ல மழை.

அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. உலகம் தெரியாதவள் தனியாக என்ன செய்வாய், டீச்சர் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடு என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள். இன்றைக்குத்தான் அதற்குப் பதில் எழுத முடிகிறது.

எங்கள் பள்ளிக்கூட ஹாஸ்டலில் வார்டன் வேலை காலியாயிற்று. நானும் மனுப் போட்டேன். திங்கட்கிழமை விழுப்புரத்தில் இன்டர்வியூ. ஹாஸ்டல் சமையல்காரி வெள்ளையம்மாள் துணைக்கு வந்தாள். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, நல்ல பெண்தான், ஆனால் அன்வர்ல்ட்லி, ஹாஸ்டலுக்கு அரிசி போடுகிறவர்கள் இவள் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். எதிரில் இருப்பவள் இங்கிலீஷ் டீச்சர் என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

 ஐயா, அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, எதை நினைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. கூட இருந்த அம்மாள், நீயே சொல்லு என்றார். வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன். பணம், பதவி, பகட்டு எதிலும் மனம் ஒட்டாதவரை அன்வர்ல்ட்லி என்பார்கள். ஒரு துறவியைப் பற்றி அப்படி எழுதினால் அது மரியாதை. சூதுவாது புரியாத ஆளையும் அதே சொல்லால் சொல்வார்கள். அப்போது அது பரிதாபம். முதலாவது என்றால் நன்றி, இரண்டாவது எனக்குப் பொருந்தாது என்றேன்.

ஏன் பொருந்தாது என்று நடுவில் இருந்தவர் கேட்டார். மாசி மாதம் நடந்ததைச் சொன்னேன். பழைய வார்டன் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்ததால் ஹாஸ்டலை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசிக்காரர் துரைக்கண்ணு மேலே நல்ல அரிசியும் அடியில் புழுத்ததுமாக மூட்டை கொண்டுவந்தார். எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டச் சொன்னேன். “இன்னா டீச்சரம்மா, உங்க வீட்டுக்கும் ஒரு மூட்டை எறக்கிட்டுப் போறேன், பேஜாரு பண்ணாதீங்க” என்றார். வண்டியைத் திருப்பி அனுப்பினேன். வேறு அரிசி வரும்வரை பிள்ளைகளோடு நானும் கேப்பைக் களிதான் சாப்பிட்டேன். அவர் கொடுப்பதாகச் சொன்ன மூட்டைக்கு ஆசைப்படவில்லை, அதனால் முதல் பொருள் எனக்குச் சரி. அடியில் கிடந்ததைக் கண்டுபிடித்தேன், அதனால் இரண்டாவது தப்பு என்றேன்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.  நடுவில் இருந்தவர், நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எல்லார் முன்பும் ஒப்புக்கொண்டார். வேலை எனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் வெள்ளையம்மாள், “இன்னா டீச்சர், உள்ள இங்கிலீஷ்ல திட்டிக்கினு இருந்தாங்களா?” என்று கேட்டாள். திட்டத்தான் ஆரம்பித்தார்கள், நான் அதைப் பாராட்டாக மாற்றி வாங்கிக்கொண்டு வந்தேன் என்றேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், “எங்க வார்டனம்மா” என்று என்னைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

ஹாஸ்டலை ஒட்டியே வீடு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு அறை, பின்னால் கிணறு. அண்ணா, எங்களுக்கு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டாம். உங்களுக்கும் அண்ணிக்கும் எடுங்கள். பொங்கலுக்கு இங்கே வந்து, நான் பொங்கிப் போடுவதைச் சாப்பிட்டு, என் தலைமேல் கை வைத்து, இங்கேயே நன்றாக இரு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

என்றும் உங்கள் தங்கை,
காந்திமதி