ருஸ்தம் ஊற்றில் உன் தம்பி

அன்பு மாஹ்ருக்குக்கு, யதுல்லாவின் சலாம். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா? உன் அம்மாவுக்கு மூச்சிரைப்பு தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், பயப்படாமல் படி.

வெள்ளிக்கிழமை சரணாலயத்தில் ரோந்து முடித்து, முழங்கால் வலிக்கு ருஸ்தம் வெந்நீர் ஊற்றில் இறங்கப் போனேன். கழுத்தளவு தண்ணீரில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். உன் தம்பி ஹூஷங்! கரையில் துப்பாக்கியும், அவன் சுட்ட மலையாடும் கிடந்தன.

"வாங்க மச்சான், தண்ணி சுகமா இருக்கு."

"எந்திரிடா."

"ஒரே ஒரு ஆடுதானே? அக்கா முகத்துக்காக விட்டுடுங்க."

"சட்டையைப் போடு. தபஸ் டவுன் ஸ்டேஷன் போற வரைக்கும் குளிரும்."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். ஜீப்பில் ஏற்றியதும்தான் சிரிப்பு நின்றது. நானே கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். வழியெல்லாம் என் தேநீரைக் குடித்துக்கொண்டே வந்தான்.

அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கம்பளிக் காலுறையும் கொஞ்சம் உலர்ந்த இலந்தையும் அனுப்பு. கடிதம் கொண்டுபோகிறவர் ஹாரன் அடிக்கிறார். ஹூஷங்கைப் பிடித்தது யாரென்று உன் அம்மா கேட்டால் என் பெயரையே சொல். திட்டியாவது எழுது, மாஹ்ருக். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் யதுல்லா